சிசுவின் முகமும் தாயின் மனமும்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் உள்ள பல்கலைக்கழகத்தில், 1970-களின் பிற்பகுதியில், பிறந்து இரண்டு மாதம் அளவே ஆன சில சிசுக்களையும் அவற்றின் தாய்மாரையும் கொண்டு நுட்பமான ஒரு பரிசோதனை நடந்தது. தாய் ஓர் அறையில் இருப்பாள். குழந்தை மற்றோர் அறையில் இருக்கும். இரண்டு அறைகளுக்கும் இடையே காமிராக்களையும் தொலைக்காட்சித் திரைகளையும் இணைத்து, தாயின் முகம் குழந்தைக்கும் குழந்தையின் முகம் தாய்க்கும் இயற்கையான பருமனில், கண்ணோடு கண் நோக்கும் விதத்தில் தெரியும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் கொஞ்சினால் அது வாயைக் குவித்து ‘ங்கா’ என்றது, அது கையை உயர்த்தினால் அவள் புருவத்தை உயர்த்தி, “அப்படியா சமாசாரம்!” என்று வியப்பவள் போல முகம் மலர்ந்தாள். நடுவே சுவர் இருந்தும், கண்ணாடித் திரையின் வழியாகவே இருவரும் மனமகிழ்ந்து சம்பாஷித்தார்கள்.

விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. இப்படி இன்பமாகக் கழிந்த ஒரு நிமிஷ அளவிலான தாயின் உருவத்தையும் குரலையும் பதிவு செய்துகொண்டு, சற்று நேரம் சென்றபின் அதே பதிவைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டினார்கள். முகம் அதே முகம். சிரிப்பு அதே சிரிப்பு. குரலின் இனிமையிலோ சொற்களின் கனிவிலோ அணுவளவும் குறைவில்லை. ஆயினும் குழந்தையின் நடத்தை மாறிவிட்டது. அது முதலில் திகைத்தது, புருவத்தைச் சுளித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடையிடையே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துவிட்டு மறுபடியும் விலகிக்கொண்டது. தான் செய்த அசைவுக்கு உரிய பதில், செய்த அந்தக் கணத்தில் கிடைக்கவில்லை என்பதை, கழுத்துக்கூட நிற்காத அந்தச் சிசு உணர்ந்துகொண்டது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பரிசோதனையைச் செய்தவர் லின் மரே என்னும் இளம் ஆராய்ச்சி மாணவி. அவருக்கு ஆசிரியராக அமைந்தவர், சிசுக்களின் முகபாவங்களையும் கையசைவுகளையும் படம்பிடித்து ஆராய்ந்துவந்த கால்வின் டிரெவார்த்தன். பிறந்த குழந்தை உணவுக்கு அழுவதும் உறங்குவதும் தவிர வேறொன்றும் அறியாத ஜீவன் என்று கல்வியாளர்களே பெரும்பாலும் கருதியிருந்த காலத்தில், உலகத்துத் தாய்மார் அனைவரும் தம் அனுபவத்தால் நன்கறிந்திருந்த ஓர் உண்மையைச் சாஸ்திர முறையில் பிரத்தியட்சமாக்கியது இவர்களுடைய முயற்சி. 1985-இல் விவரமாக வெளியான இந்த ஆராய்ச்சியில் இடம்பெற்ற குழந்தைகள் மிகச் சிலரே. பின்னர் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுள் சிலருக்கு இதே முடிவு கிட்டவில்லை, சிலருக்குக் கிட்டியது. இதற்கு மறுதலையான சோதனை ஒன்றையும் மரே செய்தார்: குழந்தையின் பழைய பதிவைத் தாய்க்குக் காட்டினார். அது பழைய படம் என்பதை அறியாமலே தாயின் பேச்சு மாறியது, கொஞ்சல் குறைந்தது, ஏதோ சரியில்லை என்று அவள் மனம் கலங்கியது. ஆகவே, பிணைப்பு என்று நாம் சொல்லுவது தாயிடமிருந்து சேய்க்கு மட்டும் ஓடுவதாக இல்லாமல், இரு பக்கமும் கணந்தோறும் போய்வருகிற ஒன்றாக இருக்கிறது.

மரே என்னும் இந்த மனோதத்துவ நிபுணரின் வாழ்நாள் பணி முழுவதும் எந்தத் திசையில் செல்லவேண்டும் என்பதை இந்த இரண்டு அறைகளே நிர்ணயித்துவிட்டன என்று சொல்லலாம். இயந்திரத்தின் உதவியால் ஒரு நிமிஷம் பதில் கிடைக்காமற் போனதற்கே சிசு இவ்வளவு வாடுமானால், தன் மனமே நோயுற்று, எதிரே இருக்கும் குழந்தையைக் கண்டும் காணாதவளாக, வாரக்கணக்கில் வாடிக்கிடக்கும் ஒரு தாயின் நிலையும் அவள் மடியிலுள்ள குழந்தையின் நிலையும் எப்படி இருக்கும் என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் டிரானிக் என்பவர், தாயைக் குழந்தையின் எதிரே அசைவற்ற முகத்துடன் சற்று நேரம் அமரச் செய்து, குழந்தை எத்தனை விதமாக அவளை அழைத்துப் பார்த்துக் கடைசியில் தளர்ந்துபோகிறது என்பதை 1978-இல் வெளியிட்டிருந்தார். ஆனால் நல்ல மனநிலையில் இருக்கும் தாய் சிறிது நேரம் நடிப்பது வேறு. நோயினால் முகம் உறைந்துபோவது வேறு.

அந்த நோயைப் பற்றி இங்கே சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் பெண்ணின் மனத்தில் உண்டாகும் மாறுதல்கள் எல்லாம் ஒரே வகையினவல்ல. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் தொடங்கிச் சில நாட்கள், காரணமின்றிக் கண்ணீர் வருவதும் சட்டென்று கோபம் வருவதும் மறுகணமே சிரிப்பு வருவதுமாக இருப்பது பிள்ளை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் நிகழ்கிற சாதாரண விஷயம். இரண்டு வாரத்துக்குள் அது தானே தெளிந்துவிடும். மற்றொரு கோடியில், ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் மட்டும், புத்தி தடுமாறி, இல்லாத குரல்கள் கேட்டு, உறக்கம் முற்றும் அற்றுப்போகிற கடுமையான சித்தப்பிரமை, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில், திடீரென்று தோன்றுகிறது. இது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில், பத்துப் பெண்களில் ஒருவரையாவது பற்றுவதும், மாதக்கணக்கில் நீடிப்பதும், அருகில் இருப்பவர் கண்ணுக்கும் பெரும்பாலும் புலப்படாததுமாக இருப்பது பிரசவகால மனச்சோர்வு. சமையல் நடக்கும், துணி துவைக்கப்படும், குழந்தைக்கு வேளை தவறாமல் பால் கிடைக்கும். உள்ளே மட்டும், தான் ஒன்றுக்கும் உதவாதவள், இந்தக் குழந்தைக்குத் தகுதியற்றவள் என்னும் எண்ணம் இரவும் பகலும் அரித்துக்கொண்டிருக்கும்.

பிரான்ஸ் தேசத்து வைத்தியரான லூயி விக்டர் மார்சே, கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் வரும் மனநோய்களைப் பற்றித் தனி நூலே 1858-இல் எழுதினார். ஆயினும் அவருக்குப் பின் நூறாண்டுக்கு மேலாக மருத்துவ உலகத்தின் பார்வை, மனநோய் விடுதிக்கு வந்து சேர்ந்த கடுமையான நோயாளிகளின்மீதே நின்றது. வீட்டிலேயே இருந்துகொண்டு, எவரிடமும் சொல்லாமல் வாடும் பெண்களை எண்ணிப் பார்க்க முற்பட்டவர் லண்டனைச் சேர்ந்த பிரைஸ் பிட். 1968-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், பிரசவமான 305 பெண்களில் 10.8 சதவீதம் பேர் இத்தகைய சோர்வுக்கு உள்ளாகியிருந்தார்கள் என்று கண்டது மருத்துவர்களுக்கு வியப்பாக இருந்தது. அந்தப் பெண்களுக்கு அதில் வியப்பில்லை.

காரணம் என்ன? கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களின் அளவு பன்மடங்கு பெருகி, நஞ்சுக்கொடி வெளிவந்த சில நாட்களுக்குள் சரேலென்று வீழ்ந்துவிடுகிறது. இந்த வீழ்ச்சியே மனத்தையும் வீழ்த்துகிறதா என்பதை அறிய அமெரிக்க தேசிய மனநல ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். 2000-இல் அதன் முடிவு வெளியாயிற்று. அப்போது கர்ப்பமாகவோ பிரசவித்தோ இராத பதினாறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர்களில் எட்டுப் பேர் முன்பு பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வால் வருந்தித் தேறியவர்கள், மற்ற எட்டுப் பேர் அப்படி வருந்தாதவர்கள். எல்லோருக்கும் எட்டு வாரம் கர்ப்ப காலத்தைப் போன்ற ஹார்மோன் நிலையை மருந்தினால் உண்டாக்கி, பின்பு அவர்களுக்கும் அவர்களைக் கவனித்தவர்களுக்கும் தெரியாதபடி மருந்தை நிறுத்தினார்கள். முன்பு சோர்வுற்ற எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மனம் மறுபடியும் சோர்ந்தது. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹார்மோன்களின் ஏற்றமும் இறக்கமும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தும், அதனால் தாக்குண்ணும் இயல்பு சில பெண்களின் உடம்பிலேயே அமைந்திருக்கிறது. “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று இவர்களுக்கு உபதேசிப்பவர்கள் இந்தப் பதினாறு பெண்களை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. இந்த ஹார்மோன்களின் வழிவந்த ஒரு பொருளை அடிப்படையாகக் கொண்டு, பிரசவகாலச் சோர்வுக்கென்றே தனி மருந்துகள் 2019-இலும் 2023-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கின்றன. எனினும் உடம்பு ஒரு பாதியே; வறுமை, கணவனுடன் மனவேற்றுமை, உதவிக்கு ஆளில்லாமை, முன்பே பட்ட துயரங்கள் ஆகியவை மறுபாதி.

நோயைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு சங்கடம் இருந்தது. சாதாரண மனச்சோர்வை அறியப் பயன்படும் வினாத்தாள்கள், உறக்கம் குறைந்ததா, பசி மாறியதா, எப்போதும் களைப்பாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். இரவில் நான்கு தடவை எழுந்து பால் கொடுக்கிற எந்தத் தாய்தான் இவற்றுக்கு ‘ஆம்’ என்று சொல்லமாட்டாள்? உகாண்டாவில் கர்ப்பிணிகளிடையே ஆராய்ச்சி செய்துவிட்டு எடின்பரோவுக்கு வந்த ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவரும், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்ற இரு பெண்மணிகளும் சேர்ந்து, உடம்பின் களைப்பை ஒதுக்கிவிட்டு மனத்தை மட்டும் வினவுகிற பத்துக் கேள்விகளை அமைத்து 1987-இல் வெளியிட்டார்கள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, வரப்போகிறவற்றை ஆவலோடு எதிர்பார்க்க முடிந்ததா, தவறு தன்னுடையதல்லாதபோதும் தன்னையே நொந்துகொண்டதுண்டா என்ற விதமான கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30, பத்தோ பன்னிரண்டோ தாண்டினால் தீர விசாரிக்க வேண்டும். சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிற இந்த எளிய கருவி நம்பத்தக்கதுதானா என்பதைச் சாதாரண ஜனங்களிடையே சோதித்து உறுதி செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று, லின் மரே தம் தோழர் ஒருவருடன் 702 பெண்களிடம் நடத்தி 1990-இல் வெளியிட்டது.

அப்பொழுது அவர் கேம்பிரிட்ஜில், குழந்தை வைத்தியரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட்டின் பெயரால் அமைந்த ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றினார்; பின்னர் அது ரெடிங் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. முதல் பிள்ளை பெற்ற பெண்களின் வீடுகளுக்குச் சென்று, இரண்டு மாதக் குழந்தையுடன் அவர்கள் சிறிது நேரம் பேசுவதைப் படமெடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி வகைப்படுத்தினார்கள். நலமாக உள்ள தாய், குழந்தை கொட்டாவி விட்டால், “தூக்கம் வருதா கண்ணுக்கு? விளையாடி அலுத்துப்போச்சா?” என்ற பாங்கில் குழந்தையின் உள்ளத்தில் புகுந்துகொண்டு பேசுவாள். சோர்வுற்ற தாயின் பேச்சோ, “என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லையா உனக்கு?” என்ற பாங்கில் தன் உள்ளத்தையே சுற்றிச் சுற்றி வரும், குழந்தையின் அசைவுக்கு ஒரு நோக்கம் உண்டு என்று ஏற்றுக்கொள்ளும் வாக்கியங்கள் அதில் குறைவு. இவ்வேற்றுமை மிக மெல்லியது. அந்தக் கேம்பிரிட்ஜ் வீடுகளில் குழந்தையை எவரும் புறக்கணிக்கவில்லை, வெறுக்கவுமில்லை. எழுதி எண்ணிப் பார்த்தவர்களுக்கே அது புலப்பட்டது.

இதைப் படிக்கும் தாய்மார் தம்மைக் குற்றவாளிகளாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அடுத்த ஆராய்ச்சியைக் குறிப்பிடுகிறேன். அதனை மரேயின் மிகச் சிறந்த பணிகளுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம். சோர்வுக்கு உள்ளாகக்கூடும் என்று கர்ப்பத்திலேயே கருதப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் மனம் இன்னும் தெளிவாக இருந்தபொழுதே, பிறந்து பத்து நாள் ஆன அவர்களுடைய குழந்தைகளின் சுபாவத்தைச் சோதித்தார்கள். எளிதில் சிணுங்கி, எளிதில் அடங்காத குழந்தைகளைப் பெற்ற தாய்மாரே பிற்பாடு அதிகமாகச் சோர்வுற்றார்கள் என்று 1996-இல் வெளியான முடிவு காட்டியது. தாயின் சோர்வு குழந்தையை வாட்டுவது உண்மையானால், ஓயாத அழுகை தாயை வாட்டுவதும் உண்மை. பழியைச் சுமக்க ஒருவரைத் தேடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் இடமே இல்லை.

கேம்பிரிட்ஜில் பிறந்த அந்தக் குழந்தைகளை அவர்களுடைய பதினாறாம் வயது வரை மரேயின் குழுவினர் விடாது தொடர்ந்தார்கள். இத்தகைய பொறுமை விஞ்ஞானத்தில் அரிது. 2011-இல் வெளியான முடிவின்படி, பிரசவத்துக்குப் பின் சோர்வுற்ற தாய்மாரின் பிள்ளைகளில் 41.5 சதவீதம் பேர் பதினாறு வயதுக்குள் ஒரு முறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகளில் அது 12.5 சதவீதம். பயங்கரமான எண்தான், ஆனால் இதனை நிதானமாக நோக்க வேண்டும். அந்தத் தாய்மாருள் பலருக்குச் சோர்வு பின்னும் பலமுறை திரும்பிவந்திருக்கிறது; பெற்றோர் இருவருக்கும் இடையே நெடுநாள் பூசல் இருந்திருக்கிறது; குழந்தைப் பருவத்தில் தாயிடம் கொண்ட பற்றுறுதி தளர்ந்திருக்கிறது; இவையெல்லாம் சேர்ந்தே அந்த எண்ணை உண்டாக்கின. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இவற்றையெல்லாம் கடந்து நலமாகவே வளர்ந்தார்கள் என்பதையும் அதே எண் சொல்லுகிறது.

ஆகையால், சிகிச்சை எது என்பதே பெரிய கேள்வி. எடின்பரோவில் பத்துக் கேள்விகளை அமைத்தவர்களுள் ஒருவரான ஹோல்டன் 1989-இல் வெளியிட்ட சோதனை ஒன்று, இன்று வரையில் இத்துறையில் உள்ளவர்கள் நன்றியோடு நினைவுகூர்வது. பிள்ளை பெற்ற வீடுகளுக்குச் சென்று குழந்தையின் எடையையும் தடுப்பூசியையும் கவனிக்கும் சுகாதார ஊழியர்களுக்கு, உபதேசம் செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி என்று சிறிது பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு முறையாக எட்டு வாரம், சோர்வுற்ற பெண்களின் பேச்சைச் செவிமடுக்கச் செய்தார். மூன்று மாதம் சென்றபின் பார்க்கையில், இவ்வாறு கவனிக்கப்பட்ட 26 பேரில் 18 பேர் முற்றும் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் தேறினவர் ஒன்பது பேர். யாரோ ஒருவர் தன் வீட்டுக்கு வந்து, குழந்தையைக் கொஞ்சுவதை நிறுத்திவிட்டு, “நீ எப்படியம்மா இருக்கிறாய்?” என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருப்பது இவ்வளவு செய்யுமென்றால், அதைச் செய்யாமல் இருக்க நமக்கு என்ன நியாயம் உண்டு?

மரேயும் அவருடைய சகாவான பீட்டர் கூப்பரும் இதனை இன்னும் விரிவாக, 193 பெண்களிடம், மூன்று வகையான பேச்சு முறைச் சிகிச்சைகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கரை மாதத்தில் மூன்றுமே தாயின் மனத்தை இலகுவாக்கின; ஆனால் ஒன்பதாம் மாதத்தில் சிகிச்சை பெறாதவர்களும் பெரும்பாலும் தாமே தேறி அவர்களுக்குச் சமமாகிவிட்டார்கள்; குழந்தைக்கு ஐந்து வயதானபோது நிலைத்த பலன் எதையும் காட்ட முடியவில்லை. தம்முடைய முயற்சியின் எல்லையை மறைக்காமல் 2003-இல் அச்சிட்ட இந்த நேர்மைக்குத் தலைவணங்க வேண்டும். மேலும், நாலைந்து மாதம் முன்னதாகத் துயரம் தீர்வது சிறிய நன்மையன்று; சிசுவின் முதல் ஆண்டில் நாலைந்து மாதம் என்பது ஏறக்குறைய பாதி ஆயுள்.

வசதியுள்ள ஊரில் வசதியுள்ள சோதனையோடு நின்றிருந்தால் மரேயைப் பற்றி இவ்வளவு எழுத நேர்ந்திராது. தென்னாப்பிரிக்காவில், கேப்டவுன் நகரத்துக்கு வெளியே, நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில் கறுப்பின மக்களைக் குடியேற்றிய கயலிட்ஷா என்னும் பெருங்குடியிருப்பு இருக்கிறது. தகரமும் பலகையும் கொண்டு அமைத்த வீடுகள், வேலையின்மை, இரவில் வெளியே செல்ல அச்சம். அங்கே, பிரசவமாகி இரண்டு மாதமான 147 தாய்மாரை ஆராய்ந்ததில் 34.7 சதவீதம் பேர் மனச்சோர்வுற்றிருந்ததைக் கூப்பர், மரே முதலியோர் 1999-இல் வெளியிட்டார்கள்; இது பிரிட்டனில் காண்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மனோதத்துவ நிபுணர் என்று ஒருவரைக் கண்ணாலும் கண்டிராத இடத்தில் சிகிச்சையை யார் செய்வது? அந்த ஊர்ப் பெண்களே செய்யட்டும் என்று தீர்மானித்தார்கள். தாங்களும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், உயர்ந்த பட்டம் ஏதும் பெறாதவர்கள், ஹோசா மொழி பேசுகிறவர்கள் ஆகிய சில பெண்களைப் பயிற்றுவித்து, கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் தொடங்கிக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரையில், ஒவ்வொரு வீட்டுக்கும் பதினாறு முறை அனுப்பினார்கள்.

அவர்கள் போய் என்ன செய்தார்கள் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பிறந்து சில நாளே ஆன குழந்தை உறங்கும்போது, வந்தவள் ஒரு கிலுகிலுப்பையை அதன் காதருகே மெல்ல ஆட்டுவாள். குழந்தை திடுக்கிட்டு உடம்பைக் குலுக்கும். மறுபடி ஆட்டினால் குலுக்கம் குறையும். மேலும் சில முறைக்குப் பின் கண்ணிமைகூட அசையாது உறங்கும். “பார்த்தாயா? இரைச்சலை ஒதுக்கித் தூங்க உன் குழந்தை தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது” என்று தாயிடம் சொல்லுவாள். பிறகு குழந்தை விழித்திருக்கையில், ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் தானுமாக நின்றுகொண்டு இருவரும் குழந்தையை அழைப்பார்கள். அது பெரும்பாலும் தாயின் குரல் வரும் பக்கமே திரும்பும். தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு, தன் குரலை இந்த உலகத்தில் ஒரு ஜீவன் அடையாளம் கண்டு தலையைத் திருப்புகிறது என்பதை அவள் கண்ணாலேயே காணச் செய்வதைவிடச் சிறந்த மருந்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. எடின்பரோவில் திரையின் வழியாகக் கண்ட உண்மை, கயலிட்ஷாவின் தகரக் கூரையின் கீழ் வைத்திய முறையாக மாறிவிட்டது.

449 பெண்கள் பங்கு கொண்ட இந்தச் சோதனையின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. கவனிக்கப்பட்ட தாய்மார், ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும், குழந்தையின் குறிப்பறிந்து அதிகமாக நடந்துகொண்டார்கள். அதன் போக்கில் வலிந்து தலையிடுவது குறைந்தது. ஒன்றரை வயதில் தாயிடம் உறுதியான பற்றுடைய குழந்தைகள் அந்தப் பிரிவில் 74 சதவீதம், மற்றப் பிரிவில் 63 சதவீதம். சோர்வின் அறிகுறிகள் ஆறாம் மாதத்தில் குறைந்திருந்தன. ஆனால் நோய் என்று நிர்ணயிக்கத்தக்க நிலையில் இருந்தவர்களின் தொகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. வீட்டில் வறுமை இருக்கும்வரையில் பேச்சு ஒன்றே அதனை வெல்லும் என்று எதிர்பார்ப்பதும் பிழை. பின்னர் அதே ஊரில், சற்று வளர்ந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படப்புத்தகம் பார்ப்பதைத் தாய்மாருக்குச் சில வாரம் கற்பிக்கும் திட்டத்தையும் மரே நடத்தினார். குழந்தை எந்தப் படத்தைச் சுட்டுகிறதோ அதையே தாயும் பின்பற்றிப் பேசுவதுதான் அதன் முறை. அதனால் குழந்தைகளின் சொல்வளமும் கவனமும் வளர்ந்தன.

நம் பக்கத்துச் செய்தி என்ன? வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில், கர்ப்பிணிகளாக இருந்த 359 பெண்களைப் பின்தொடர்ந்து செய்த ஆராய்ச்சி 2002-இல் வெளிவந்தது. அவர்களில் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாகச் சோர்வு தோன்றியது. கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்தவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்களை அதிகமாகத் தாக்கிய காரணங்களைப் படிக்கும்போது நமது வீடுகளின் உட்புறமே தெரிகிறது: வருமானக் குறைவு, மாமியாருடனோ பெற்றோருடனோ சுமுகமின்மை, கைவேலைக்கு உதவ ஆளில்லாமை, பிள்ளை ஆணாக வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கப் பெண்ணாகப் பிறந்தமை. கோவாவில் செய்து அதே ஆண்டில் வெளியான ஆராய்ச்சியிலும் பெண் குழந்தை பிறந்தது ஒரு காரணமாகவே தோன்றியது. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்ன, லேகியம் என்ன, தலைக்கு எப்பொழுது தண்ணீர் விடுவது என்றெல்லாம் அணுவளவும் பிசகாமல் கவனிக்கிற குடும்பத்திலேயே, பெண் பிறந்த செய்தி கேட்டுச் சுருங்கிய முகங்களை அவள் படுத்தபடியே பார்த்திருக்கிறாள். இதனை எந்த ஹார்மோன் கணக்கில் சேர்ப்பது?

அண்டை நாடான பாகிஸ்தானில், ராவல்பிண்டி ஜில்லாவின் கிராமங்களில், ஆதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர் நடத்தி 2008-இல் வெளியிட்ட திட்டமும் இங்கே நினைக்கத்தக்கது. வீடு வீடாகச் செல்லும் அரசாங்கப் பெண் சுகாதார ஊழியர்களே அங்கும் பதினாறு சந்திப்புகளில் சோர்வுற்ற தாய்மாருடன் பேசினார்கள். ஆறு மாதம் சென்றபின், பயிற்சி பெற்ற ஊழியர்கள் கவனித்த பெண்களில் 23 சதவீதம் பேரும், மற்றவர்களில் 53 சதவீதம் பேரும் சோர்வுற்றிருந்தார்கள். அவர்கள் கையாண்ட யுக்தி ஒன்று உண்டு: மனநோய் என்ற பேச்சையே எடுக்காமல், குழந்தை நன்றாக வளர்வதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லியே வீட்டுக்குள் நுழைந்தார்கள்; பேரன் பேத்தியின் நலம் என்றவுடன் மாமியாரும் கணவனும் வழிவிட்டார்கள், பலர் தாமே உதவிக்கு வந்தார்கள். யுக்தி மிக நல்லது. ஆனாலும் ஒரு பெண்ணின் துயரத்தைத் தீர்ப்பதற்கு, அவளுடைய துயரமே போதிய காரணமாக இல்லாமல், அவள் பெற்ற குழந்தையைச் சாக்காகச் சொல்ல வேண்டியிருப்பதை நினைக்கையில் மனம் வருந்துகிறது.

எடின்பரோவின் பத்துக் கேள்விகளும் தமிழில் அமைந்து, நம் பெண்களிடம் சோதிக்கப்பட்டு, 2005-இல் வெளியாகியிருக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையின் எடையைப் பார்க்க வருகிற அன்றே, எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் வாசித்துக் காட்டி, ஐந்தாறு நிமிஷத்தில் அவற்றைக் கேட்டுவிடலாம். மாமியார் எதிரில் கேட்காமல், தனியே இருக்கும்போது கேட்பது அவசியம். பத்தாவது கேள்வியை மட்டும் மற்றவற்றோடு சேர்த்து எண்ணிவிட்டு நின்றுவிடக் கூடாது. தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பது அது. அதற்குச் சிறிதளவேனும் ‘உண்டு’ என்று பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மருத்துவர் உடனே அகப்படாத ஊரானால், இந்திய அரசாங்கத்தின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணான 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.